விட்டம் இல்லாத வீட்டில் தொட்டில்



சில மாதங்களுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஓர் எளிய பணி கொடுத்திருந்தேன். "நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது எதில் உறங்கினீர்கள்? உங்கள் அம்மா எதில் உறங்கினார்? பாட்டி எதில் உறங்கினார்? வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள்" என்பதே அப்பணி. வாக்கியம் அமைக்கும் பயிற்சியாகத்தான் அதனை எண்ணியிருந்தேன். ஆனால், ஒரு மாணவி எழுதிவந்த மூன்று வரிகள் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தன. "பாட்டி வீட்டில் விட்டம் இருந்தது. எங்கள் வீட்டில் விட்டம் இல்லை. அதனால் தம்பிக்குத் தொட்டிலைக் கடையில் வாங்கினோம்."

அதே வாரத்தில், ஸ்ரீ கெம்பாங்கான் அடுக்குமாடி வீடொன்றில் வாழும் ஒரு தாய் தம் மகனின் தேர்ச்சி அறிக்கையைப் பெற வந்தார். அவருக்கு அப்போது நிறைமாதம். கைப்பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினார். மரக்கட்டில், மின்தொட்டில், துணி மாற்றும் மேசை, குளியல் தொட்டி, தள்ளுவண்டி, வாக்கர், உயர நாற்காலி என்று நீண்டது அப்பட்டியல். "டீச்சர், எங்கள் அறையில் கட்டிலும் அலமாரியும் போட்ட பிறகு நடக்கவே இடமில்லை. இதில் எதை வாங்குவது, எதை விடுவது?" என்று கேட்டார்.

மாணவியின் மூன்று வரிகளும் அந்தத் தாயின் கேள்வியும் ஒரே வரலாற்றின் இரு முனைகள் என்று பிறகுதான் எனக்குப் புலப்பட்டது. சிறு வீட்டில் குழந்தையை எங்கே கிடத்துவது என்பது இந்நாட்டுத் தமிழருக்குப் புதிய கேள்வி அன்று. நூறாண்டுகளுக்கும் மேலாக நம் தாய்மார்கள் அதற்கு விடை கண்டு வந்திருக்கிறார்கள். அவ்விடைகளில் எவற்றை வைத்துக்கொள்ள வேண்டும், எவற்றை விட்டுவிட வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லயத்து அறையும் சேலைத் தொட்டிலும்

தொட்டில் நம் இலக்கியத்தில் நெடுங்காலமாக ஆடிக்கொண்டிருக்கிறது. பெரியாழ்வார் தம் பாசுரங்களில் கண்ணனுக்குப் பிரமன் அனுப்பிய பொன்தொட்டிலைப் பாடுகிறார். பிள்ளைத்தமிழ் நூல்களில் தாலப் பருவம் என்றே ஒரு பருவம் உண்டு. தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு ஆயிற்று என்பர். ஆனால், ஏழை எளியவர் வீட்டில் ஆடியது பொன்தொட்டில் அன்று; பழஞ்சேலைதான். ஏணை, தூளி, தூரி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் பொருள் ஒன்றே. விட்டத்தில் கயிறு கட்டி, அதில் சேலையைத் தொங்கவிட்டால் தொட்டில் ஆயத்தம்.

மலாயாவுக்குக் கப்பலேறிய நம் முன்னோர் பெட்டி படுக்கையுடன் இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. 1907இல் இந்தியத் தொழிலாளரைத் தருவிப்பதற்கான நிதி அமைக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்து, கங்காணி முறை மேலோங்கியது. தனி ஆண்களாக வந்தோரின் இடத்தில் மெல்ல மெல்லக் குடும்பங்கள் அமர்ந்தன. தோட்டத்தில் குழந்தைகள் பிறந்தன.

அக்குழந்தைகள் பிறந்த வீடு எத்தகையது? லயம் என்று நாம் சொல்லும் நீண்ட வரிசைக் கட்டடத்தில், பத்துக்குப் பத்து அல்லது பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவில் ஓர் அறை. முன்னே சிறு திண்ணை, பின்னே அடுப்பு. அந்த ஓர் அறையில்தான் படுக்கை, பெட்டி, அரிசிப்பானை, சாமிப்படம் எல்லாம் இருந்தன. தரையில் கால் வைக்க இடமில்லாத அவ்வறையில் யாரும் பயன்படுத்தாத ஓர் இடம் மட்டும் மிச்சமிருந்தது. அது தலைக்கு மேலே இருந்த வெற்றிடம். அத்தாப்புக் கூரையோ தகரக் கூரையோ, எதுவாயினும் அதனைத் தாங்க மரவிட்டம் ஒன்று குறுக்கே ஓடியது. நம் தாய்மார்கள் அந்த விட்டத்தைக் கண்டார்கள், சேலையைக் கட்டினார்கள்.

இதன் சிறப்பை எண்ணிப் பாருங்கள். சேலைத் தொட்டிலுக்கு விலையில்லை. குழந்தை எழுந்தால் அவிழ்த்து மடித்துவிடலாம். அறை மீண்டும் கூடமாகிவிடும். ஈரமானால் துவைத்து உலர்த்தலாம். அம்மாவின் வாசனை அதிலேயே இருக்கும். தொட்டிலின் கீழே தரை வெறுமையாக இருப்பதால் பெருக்கலாம், மெழுகலாம். பூச்சி பொட்டு எளிதில் ஏறாது. சமைத்துக்கொண்டே ஒரு கயிற்றை இழுத்து ஆட்டவும் முடியும்.

குழந்தைக்குத் தேவையான பிற பொருள்களுக்கும் இவ்வாறே இடம் பிடிக்காத விடைகள் இருந்தன. குளியல் தொட்டி கிடையாது; பாட்டி மணையில் அமர்ந்து நீட்டிய கால்களே தொட்டி. உயர நாற்காலி கிடையாது, இடுப்பே நாற்காலி. தள்ளுவண்டி கிடையாது, தோளே வண்டி. நம் முன்னோர் வாங்கிய ஒரே மரச்சாமான் நடைவண்டிதான் என்றுகூடச் சொல்லலாம். குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. நடைவண்டி அதன் நெருங்கிய உறவு.

ஆயாக்கொட்டகை

வைகறை இருட்டில் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டிய தாய், குழந்தையை யாரிடம் விடுவாள்? தோட்டத்தில் இதற்கென ஆயாக்கொட்டகை இருந்தது. பால்மரம் சீவ முடியாத வயதான மாதர் ஒருவரோ இருவரோ அங்கே ஆயாவாக இருப்பர். நீண்ட உத்தரத்தில் வரிசையாகச் சேலைகள் தொங்கும். ஒவ்வொரு சேலையிலும் ஒரு குழந்தை. சேலையின் நிறத்தைக் கொண்டே இது இன்னார் வீட்டுப் பிள்ளை என்று ஆயா அறிந்துகொள்வார் என்று என் அம்மா சொல்வதுண்டு.

என் அம்மாவும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தாம். என் அண்ணனை ஒன்றரை மாதத்தில் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாராம். மரங்களுக்கு மங்கு வைத்து முடித்துவிட்டு, பால் சேகரிக்கும் நேரம் வருவதற்குள் ஓடிவந்து பாலூட்டிவிட்டு மீண்டும் ஓடுவாராம். அந்த ஓட்டத்தை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. சொல்லும்போதெல்லாம் குரல் சற்றுத் தாழும். ஆகவே, ஆயாக்கொட்டகையை நாம் பொற்காலமாக வருணிக்கக் கூடாது. தாயின் உழைப்பைத் தோட்டம் இழக்காமலிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. எனினும், பல தாய்மாரின் குழந்தைகளை ஒரே கூரையின் கீழ்க் காத்த இடமும் அதுவே. தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் பற்றிய விதி 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டத்திலும் இடம்பெற்றது.

இதே காலத்தில் துரை பங்களாவில் வேறொரு முறை நிலவியது. ஆங்கிலேயர் வீட்டில் குழந்தைக்கெனத் தனி அறை உண்டு. நர்சரி என்று அதற்குப் பெயர். அங்கே இரும்புக் கட்டிலும் கொசுவலையும் மேசையும் இருக்கும். பார்த்துக்கொள்ள நம்மவரே ஓர் ஆயா. தோட்டத் தொழிலாளிக்கு நர்சரி என்றால் ரப்பர் கன்றுகள் வளரும் நாற்றுமேடைதான் தெரியும். ஒரே சொல் பங்களாவில் பிள்ளையையும் வெளிக்காட்டில் கன்றையும் குறித்தது. இன்று கடைகளில் நாம் காணும் குழந்தைச் சாமான்களில் பெரும்பகுதி அந்தத் தனி அறையை மனத்திற்கொண்டு உருவானவை. அறை இல்லாதவர் அவற்றை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் வீடே சான்று. அதனைப் பிறகு சொல்கிறேன்.

பங்களாவிலிருந்து லயத்துக்கு வந்திருக்க வேண்டிய ஒன்று கொசுவலை. 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், அங்கும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களை வடிகட்டி மலேரியாவைக் குறைத்தார். இன்று போர்ட் கிள்ளான் என்று அழைக்கப்படும் அந்த ஊர், கொசுவை ஒழித்தால் உயிர் பிழைக்கும் என்று உலகுக்குக் காட்டிய இடங்களுள் ஒன்று. இப்போது மலேரியா நகரத்தை விட்டு அகன்றாலும் டிங்கிக் காய்ச்சல் நம்மை விடவில்லை. ஆதலால், குடைபோல் விரித்து மடக்கும் சிறு கொசுவலையை நான் அலங்காரப் பொருளாகக் கருதுவதில்லை.

விட்டம் மறைந்த கதை

ஸ்ரீ கெம்பாங்கானின் வரலாறே சிறு வீடுகளின் வரலாறுதான். அவசரகாலத்தின்போது, 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி நாடு முழுவதும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். அவ்வாறு உருவானதே செர்டாங் பாரு. அதுவே இன்றைய ஸ்ரீ கெம்பாங்கான். பெரும்பாலும் சீனக் குடும்பங்கள் வாழ்ந்த அப்பலகை வீடுகளிலும் விட்டம் இருந்தது. சாரோங் துணியில் குழந்தை தூங்கியது. மலாய்க்காரர் அதனைப் புவாயான் என்றனர். குழந்தையைத் தொட்டிலிட்டுப் பாடும் பெர்எண்டோய் சடங்கும் அவர்களிடம் உண்டு. நாம் முப்பதாம் நாள் தொட்டிலிடுகிறோம். மூவினத்தாரும் ஒரே கருவியை மூன்று பெயர்களில் ஆட்டியிருக்கிறோம்.

பிறகு தோட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நமக்கு அருகிலுள்ள புக்கிட் ஜாலில் தோட்டத்தில் 1998ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான அரங்கம் எழுந்தது. கின்ராரா தோட்டம் பண்டார் கின்ராரா ஆயிற்று. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேயர் 1921இல் தொடங்கிய பெராங் பெசார் தோட்டத்தில் 1995 முதல் புத்ராஜெயா உருவானது. பெராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறின.

அடுக்குமாடி வீடுகளின் அளவையும் காண்போம். 1982 முதல் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 ரிங்கிட்டாக இருந்தது. அவ்வீடுகள் பெரும்பாலும் 550 முதல் 600 சதுர அடி, இரு படுக்கையறைகள். 1998இல் விலை வரம்பு இடத்திற்கேற்ப 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. அடுக்குமாடி வீட்டின் தர அளவு 63 சதுர மீட்டர், அதாவது 700 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு, மூன்று படுக்கையறைகள் என்றாயிற்று. மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளும் ஏறத்தாழ அதே அளவினவே.

லயத்து அறையோடு ஒப்பிட்டால் இது பெரிய வீடு என்பதில் ஐயமில்லை. குழாய் நீர், மின்சாரம், தனிக் கழிவறை, கல்சுவர் எல்லாம் கிடைத்தன. ஆனால், அண்ணாந்து பார்த்தால் சமதளமான சிமெண்டுக் கூரை. கயிறு கட்ட ஓரிடமும் இல்லை. நம் தாய்மார் நூறாண்டு காலம் நம்பியிருந்த விட்டம் இல்லாமற் போயிற்று. அந்த மாணவி எழுதிய மூன்று வரிகளுக்குள் இவ்வளவு வரலாறும் அடங்கியிருக்கிறது.

விட்டம் போனால் என்ன, தொட்டில் போகவில்லை. இரும்புக் கால்கள் கொண்ட மடக்குச் சட்டம் வந்தது. அதன் உச்சியில் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் துணி அல்லது வலை. பழந்தொட்டில் ஊசல்போல் பக்கவாட்டில் ஆடும்; அதற்கு இருபுறமும் இடம் வேண்டும். ஸ்பிரிங் தொட்டில் மேலும் கீழுமாகத் துள்ளும்; பக்கத்து இடம் அவ்வளவாகத் தேவையில்லை. பின்னர், கையால் இழுத்து ஆட்டும் வேலையை மின்மோட்டார் ஏற்றுக்கொண்டது. இடத்தின் நெருக்கடி ஒரு கருவியின் அசைவையே மாற்றியிருப்பதை இங்கே காண்கிறோம்.

பாட்டி சொன்னது பாதி சரி

இனி, பெற்றோர் கவனத்துடன் படிக்க வேண்டிய பகுதிக்கு வருகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு நாடுகளில் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைக்கும்படி பலர் அறிவுறுத்தினர். 1946இல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையான டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூலும் 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளிலிருந்து அதனையே சொன்னது. பின்னர், உறக்கத்திலேயே குழந்தைகள் திடீரென இறப்பதற்கும் குப்புறப் படுப்பதற்கும் தொடர்பிருப்பது ஆய்வுகளில் தெளிவாயிற்று. 1991இல் பிரிட்டனிலும், 1994இல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கும் இயக்கங்கள் தொடங்கின. இறப்புகள் வெகுவாகக் குறைந்தன.

சேலைத் தொட்டிலில் கைக்குழந்தையை மல்லாக்கத்தான் கிடத்த முடியும். இந்த வகையில் நம் பாட்டிமார் பிழை செய்யவில்லை. குழந்தை பெற்றோர் இருக்கும் அறையிலேயே உறங்கியது மற்றொரு நன்மை. முதல் ஆறு மாதங்களுக்காவது குழந்தை பெற்றோரின் அறையில், ஆனால் தனிப் படுக்கையில் உறங்க வேண்டும் என்றே இன்றைய குழந்தை மருத்துவர்களும் சொல்கின்றனர். தனி நர்சரி அறை கொடுக்க முடியவில்லையே என்று வருந்தும் பெற்றோர் வருந்த வேண்டியதில்லை.

மறுபாதியைச் சொல்லாமல் விட்டால் நான் கடமை தவறியவள் ஆவேன். மருத்துவர்கள் வலியுறுத்துவது சமதளமான, உறுதியான படுக்கை. துணித்தொட்டில் வளைந்து குழியும். கழுத்து நிற்காத குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுக்குழல் ஒடுங்கும். துணி முகத்தை மூடலாம். புரளத் தொடங்கிய குழந்தை விளிம்பில் எட்டிப் பார்த்து விழலாம். இவை எல்லாவற்றினும் கொடியது, அண்ணன் அக்காமார் தொட்டிலை ஊஞ்சலாக்கி முறுக்கி விளையாடுவது. முறுக்கிய சேலை கழுத்தில் இறுகினால் சத்தம்கூட வெளிவராது. பயன்படுத்தாத நேரத்தில் தொட்டில் துணியைக் கழற்றி மடித்து வைக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்கும் சொல்லித் தருகிறேன்.

என் அம்மாவும் ஒருமுறை இந்த அச்சத்தைக் கண்டவர். லயத்து வீட்டில் கயிற்றின் முடிச்சு நழுவி அண்ணன் கீழே விழுந்தாராம். தரையில் சாக்கு விரித்திருந்ததால் தப்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தொட்டில் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர்ந்ததே இல்லை. "தொட்டில் ஆட்டுவதற்குத்தான், அதில் போட்டுவிட்டுப் போவதற்கு இல்லை" என்பார் அம்மா. அறிவியல் இன்று விரித்துச் சொல்வதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அழும் குழந்தையை ஆற்றுவதற்கு, விழித்திருக்கும் பெரியவர் பக்கத்தில் இருக்க, தொட்டிலைப் பயன்படுத்துவோம். உறங்கிய பின், இரவு முழுவதும், சமதளப் படுக்கையில் கிடத்துவோம்.

மரபைத் திருத்திக்கொள்வது மரபை அவமதிப்பது ஆகாதா என்று சிலர் வினவக்கூடும். நியூசிலாந்தின் மாவோரி மக்களைப் பாருங்கள். தாயோடு ஒட்டி உறங்கும் தங்கள் வழக்கத்தை விட அவர்களுக்கு மனமில்லை. குழந்தைகளை இழக்கவும் மனமில்லை. 2006ஆம் ஆண்டளவில் மாவோரி மருத்துவரும் நெசவாளரும் சேர்ந்து வஹாகூரா என்னும் கூடையை உருவாக்கினர். அது தங்கள் நாட்டு நாரினால் முடையப்பட்டது; அடிப்பாகம் சமதளமானது. கூடை பெற்றோரின் படுக்கையிலேயே இருக்கும். குழந்தைக்கோ தனி இடம் கிடைக்கும். பின்லாந்தின் கதையும் இத்தகையதே. 1938 முதல் வசதி குறைந்த தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அந்நாட்டு அரசு குழந்தைத் துணிகள் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை வழங்கிவருகிறது. அப்பெட்டியின் அடியில் சிறு மெத்தை உண்டு. பல பின்லாந்துக் குழந்தைகளின் முதற்கட்டில் அந்த அட்டைப்பெட்டிதான். பாதுகாப்பான படுக்கைக்குப் பெரிய அறையும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம் என்பதற்கு இவை இரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

சிறு வீட்டுக்கு எவை வேண்டும்?

என் மூத்த மகன் பிறந்தபோது ஒரு கடையில் அழகிய வெள்ளை மரக்கட்டில் வாங்கினோம். வீட்டுக்கு வந்து பூட்டிய பிறகு அலமாரிக் கதவு பாதிதான் திறந்தது. நள்ளிரவில் எழுந்தால் முழங்கால் இடிக்கும். மூன்றே மாதத்தில் அது துவைத்த துணிகளைக் குவிக்கும் மேடையாயிற்று. கடையின் பரந்த கூடத்தில் சிறிதாகத் தெரிந்த கட்டில், எங்கள் அறையில் யானையாகிவிட்டது. அந்தப் பட்டறிவுடனும் மேற்கண்ட வரலாற்றுடனும் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, வாங்குவதற்கு முன் அளக்க வேண்டும். வழக்கமான குழந்தைக் கட்டிலின் மெத்தை 120க்கு 60 செண்டிமீட்டர். சட்டத்தையும் சேர்த்தால் இன்னும் சற்றுப் பெரிது. நாளிதழ்த் தாள்களை அந்த அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் அதனை மிதிக்காமல் வாழ்ந்து பாருங்கள். அலமாரி திறக்கிறதா, இரவில் கழிவறைக்குப் போக முடிகிறதா என்பது தெரிந்துவிடும். முடியவில்லையென்றால் சிறிய அளவுக் கட்டிலோ மடக்குக் கட்டிலோ போதும். மடக்குக் கட்டிலோடு வரும் மெத்தையின்மேல் வேறு மெத்தை போடக் கூடாது. இடுக்கில் குழந்தை சிக்கும்.

இரண்டாவது, கட்டிலின் கம்பிகளுக்கிடையே 6 செண்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. குளிர்பான டின் ஒன்று நுழைந்தால் அந்தக் கட்டில் ஆகாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது. பக்கச் சட்டம் கீழே இறங்கும் கட்டில்களை அமெரிக்கா 2011இல் தடைசெய்தது. உறவினர் கொடுத்தாலும் அத்தகைய பழங்கட்டிலை ஏற்க வேண்டாம். தலையணை, பஞ்சு பொம்மை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் திரை ஆகியவற்றை வாங்காதிருப்பதே நன்று. பணமும் மிச்சம், மூச்சும் பாதுகாப்பு.

மூன்றாவது, அடுக்குமாடியில் கட்டிலைச் சன்னலோரம் போடக் கூடாது. எழுந்து நிற்கக் கற்ற குழந்தைக்குக் கட்டில் ஏணியாகிவிடும். திரைச்சீலைக் கயிறும் எட்டும் தொலைவில் இருக்கக் கூடாது.

நான்காவது, அமர்ந்தபடி உருளும் வாக்கர் வேண்டா. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. படிக்கட்டில் உருள்வதும் சுடுநீரை எட்டுவதும் அதனால் நேரும் கேடுகள். நடையையும் அது விரைவுபடுத்துவதில்லை. குழந்தை தானே எழுந்து நின்று தள்ளும் நம் மர நடைவண்டி அதனினும் மேலானது; பயன்படுத்தும்போது பெரியவர் அருகில் இருந்தால் போதும்.

ஐந்தாவது, துணி மாற்றும் மேசையும் தனிக் குளியல் மேடையும் தேவையில்லை. தரையில் விரித்த பாயிலிருந்து குழந்தை கீழே விழ முடியாது. பாட்டி இருக்கும் வீட்டில் அவர் கால்கள் உண்டு. இல்லாத வீட்டில் ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டி போதும், பின்னர் அதுவே துணி ஊறவைக்க உதவும்.

ஆறாவது, தள்ளுவண்டி வாங்குவதாயின் மடங்குவதை வாங்குங்கள். போர் விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மக்லாரன் என்னும் பொறியாளர் 1965இல் குடைபோல் மடங்கும் வண்டியை உருவாக்கினார். மின்தூக்கி பழுதானால் நான்கு மாடி சுமந்து ஏற வேண்டியவர்கள் நாம் என்பதை மறவாதீர்கள்.

ஏழாவது, மகிழுந்து வைத்திருப்போர் சேமித்த பணத்தில் முதலில் வாங்க வேண்டியது குழந்தை இருக்கை. 2020 சனவரி முதல் நாளிலிருந்து அது நம் நாட்டில் சட்டப்படி கட்டாயம். லயத்தில் வாழ்ந்த பாட்டிக்குத் தேவைப்படாத பொருள் இது, நமக்குத் தேவை. மரபில் இல்லை என்பதற்காக இதனைத் தவிர்க்கலாகாது.

அந்தத் தாய்க்கு நான் இறுதியில் சொன்ன விடை சுருக்கமானது. பட்டியலில் சிறு மடக்குக் கட்டிலும் கொசுவலையும் மகிழுந்து இருக்கையும் நிற்கட்டும் என்றேன். மற்றவை காத்திருக்கலாம். ஐயம் எழுந்தால் அரசாங்க கிளினிக்கின் தாதியரிடம் கேட்கும்படியும் சொன்னேன். அவர் சற்றுத் தயங்கினார். "எங்கள் மாமியார் சேலைத் தொட்டில் கட்டச் சொல்கிறார், டீச்சர். அவருடைய சேலையை எடுத்துத் துவைத்து வைத்திருக்கிறார்" என்றார்.

"முப்பதாம் நாளன்று கட்டுங்கள். ஸ்பிரிங் சட்டத்தில் அத்தையின் சேலையையே போடுங்கள். அவரே பக்கத்தில் அமர்ந்து பாடி ஆட்டட்டும். பிள்ளை உறங்கியதும் தூக்கிக் கட்டிலில் கிடத்துங்கள். சேலையை மடித்து வையுங்கள்" என்றேன்.

அண்மையில் அவரைப் பள்ளி வாயிலில் கண்டேன். இடுப்பில் குழந்தை, பெண் குழந்தை. அத்தையம்மா நாள்தோறும் மாலையில் பாடுகிறார் என்றும், உறங்கியதும் முதலில் சேலையை மடிப்பது நான்காம் ஆண்டில் படிக்கும் தம் மகனின் வேலை என்றும் சொன்னார்.